வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்!

செப்பிடு வித்தைக்காரரைக் கண்டால் நாம் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அது எப்படி ஸார்?" நானும் பல தடவை கேட்டிருக்கிறேன். அதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் உத்திரமேரூர் அம்மாள் ஒருவர்.

சென்ற மாசியில் ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைப் பார்க்கக் கிளம்பினேன். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த குடவோலைச் சட்டம். பள்ளிக்கூடத்தில் நீங்களும் படித்ததுதான். அதில் ஒரு வேடிக்கை பாருங்கள். குடத்தைச் சபையோர் அனைவரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும்!

கூட வந்த உறவினர் சிரித்தார். "இதே குடம், இதே சிறுவன், இதே விரித்த கை! இவற்றை வைத்துக்கொண்டே எங்கள் தெருக்காரர் ஒருவர் நாற்பது வருஷம் ஜீவனம் நடத்தினார்" என்று சொல்லி, அந்த வீட்டுக்கே அழைத்துப் போனார்.

வித்தைக்காரர் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி திண்ணையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"விரலிடுக்கில் காசு ஒன்று உருண்டுகொண்டே இருக்கும், தம்பி. பிள்ளைக்கு ஜுரமென்றால் ஒரு கை அதன் நெற்றியில். மறு கையில் காசு. பழக்கம் விட்டால் விரல் மரத்துப் போகுமாம். தீபாவளி, பொங்கல், திருவிழா என்று ஊருக்கெல்லாம் விடுமுறை. அவருக்கு அன்றைக்குத்தான் வேலை. எங்கள் மூத்தவளுக்கு ஆண்டு நிறைவன்று அவர் செங்கல்பட்டில் யார் வீட்டுக் குழந்தைக்கோ வெறும் தொப்பியிலிருந்து மிட்டாய் எடுத்துக்கொண்டிருந்தார்."

"ரகசியங்களை உங்களிடமாவது சொன்னாரா, அம்மா?"

"பெட்டிக்குள் படுத்தவள் நான், பெட்டியின் சூட்சுமம் தெரியும். மற்றதை நான் கேட்கவில்லை. ராத்திரியில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பழகுவார். சாதத்தை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பேன்."

பெரும் புகழ் பெற்றவர்களும் இதற்கு விலக்கல்ல. இந்தியாவிலிருந்து சீமைக்குப் போன ராமசாமி, 'ராமோ சாமி' என்ற பெயரில் வாளை விழுங்கியும் பந்துகளை வீசிப் பிடித்தும் லண்டனையே மயக்கினார். 1850-இல் அங்கே அவர் இறந்தபோது, அடக்கச் செலவுக்கு அவர் மனைவி பத்திரிகை மூலம் உதவி கேட்க நேர்ந்தது.

வங்காளத்து பி. சி. சர்க்கார் 1956 ஏப்ரலில் லண்டன் டெலிவிஷனில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்தார். அவள் எழுந்திருக்குமுன் நேரம் முடிந்து நிகழ்ச்சி நின்றது. பதறிப்போன ஜனங்கள் டெலிபோன் மேல் டெலிபோன் செய்தார்கள். அப்பேர்ப்பட்டவருடைய உயிர், நிகழ்ச்சிக்காகப் போயிருந்த ஜப்பானில், 1971 ஜனவரி 6-ஆம் தேதி மாரடைப்பால் பிரிந்தது. அப்போது வயது 57. மேடையை மகன் ஏற்றுக்கொண்டார்.

விடைபெறும்போது, "இத்தனைக்கும் உங்களுக்கு வருத்தம் இல்லையா?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"குழந்தைகள் வாயைப் பிளந்து சிரிப்பதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார். அதைக் கேட்டால் வருத்தம் பாதி போய்விடும். மீதி ஒன்றுதான், தம்பி. போன வீட்டிலெல்லாம் 'எப்படி' என்று கேட்டார்களாம். 'சாப்பிட்டீர்களா' என்று கேட்டவர்கள் சொற்பம்."

நேயர்களே, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வித்தைக்காரர் வந்தால் ரகசியத்தைக் கேட்காதீர்கள். முதலில் இலை போட்டு உட்கார வையுங்கள். பேசின பணத்தை அன்றைக்கே கொடுங்கள். அவர் வீட்டுக் குழந்தைகளுக்கென்று நாலு பலகாரம் பொட்டலம் கட்டுங்கள். வெறுங்கையில் எதை வேண்டுமானாலும் வரவழைக்கிறவர்தான். ஆனாலும் அவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டாம்.