டைக்கோக்குத் தரிப்பிடத்திலே

யப்பானுக்குச் செல்வோர் பலர் கியோட்டோவின் கோயில்களையும் பூஜி மலையின் பேரழகையும் கண்டு மகிழ்வர். மோட்டார் வண்டிகளில் மோகங்கொண்டவரோ யொக்கோஹாமாத் துறைமுகத்தை நாடுவர். அங்கே, கடலைத் தூர்த்து ஆக்கிய டைக்கோக்குத் தீவில், வளைந்து ஏறியிறங்கும் அதிவேக வீதிகளின் நடுவே வாகனத் தரிப்பிடமொன்று உண்டு. பிரயாணிகள் இளைப்பாறிப் பசியாறுவதற்கென அமைந்த இடம் அது. கால்நடையாக அங்கே செல்ல வழியில்லை. அதிவேக வீதியால் வண்டியிலேயே செல்லவேண்டும்.

வார இறுதி இரவுகளில் அவ்விடம் விழாக்கோலம் பூணும். மேளமும் இல்லை, மேடையும் இல்லை. வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்கும். காண்போர் சுற்றிச்சுற்றிப் பார்ப்பர். பிறர் வண்டியைத் தொடாது பார்ப்பதே முறை.

பழகிய கண்ணுக்குப் பெயரைப் படிக்கவேண்டிய தேவையில்லை. பின்புறத்தில் வட்டமான சிவப்பு விளக்குகள் நான்கு ஒளிர்ந்தால் அது நிசான் ஸ்கைலைன் என்று கொள்ளலாம். 1989இல் வெளிவந்த அதன் ஜி.ரி.ஆர். வகை, 1990 முதல் 1993 வரை யப்பானின் 'குறூப் ஏ' பந்தயங்கள் 29இலும் வென்று புகழீட்டியது. மஸ்டா ஆர்.எக்ஸ். 7 வருவதைச் செவியே முதலில் உணர்ந்துகொள்ளும். அதன் இயந்திரத்திலே மேலும் கீழும் அசையும் பிஸ்டன்கள் இல்லை. முக்கோண வடிவான சுழலிகளே சுழல்கின்றன. ஆதலின் அதன் ஒலி ஏனையவற்றின் ஒலியோடு ஒவ்வாது. நிலத்தோடு ஒட்டினாற்போலத் தாழ்ந்து வருவது ஹொண்டா என்.எஸ்.எக்ஸ். 1990இல் அலுமினிய உடலுடன் பிறந்த வண்டி அது.

எனினும், இவ்வண்டிகள் பிறந்த மண்ணிலேயே அருகி வருகின்றன. உற்பத்தியாகி 25 ஆண்டுகள் கடந்த வண்டிகளைத் தனது பாதுகாப்பு விதிகளுக்கு உட்படுத்தாமல் இறக்குமதி செய்ய அமெரிக்கா இடமளிக்கிறது. ஆகவே, 1989ஆம் ஆண்டு ஜி.ரி.ஆர். வண்டிகளுக்கு 2014இல் அந்நாட்டின் கதவு திறந்தது. 1999இல் வெளிவந்த ஆர் 34 வகைக்கு 2024இல் திறந்தது. செல்வந்தர் போட்டியிட்டு வாங்க, விலை பன்மடங்கு ஏறிவிட்டது. ஒருகாலத்தில் யப்பானிய இளைஞன் தன் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிய பழைய வண்டி, இன்று அவன் கைக்கெட்டாத பொருளாகிக் கப்பலேறுகின்றது.

கூட்டம் மிகுந்த இரவுகளிலே பொலிஸார் ஒலிபெருக்கியில் அறிவித்துத் தரிப்பிடத்தை மூடிவிடுவர். அப்போது வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டு, வளைந்த வீதிகளில் ஏறி மறைந்துவிடும். அவற்றுள் எவை மறுவாரம் திரும்புமோ, எவை கடல் கடக்குமோ அறியோம். பார்க்க விரும்புவோர் பொழுது சாயுமுன்னரே சென்றுவிடுதல் நலம்.