இரண்டாவது பொறி

பழைய விமான எஞ்சினைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் பேசத் தொடங்கினால் பேச்சு சிலிண்டரிலும் பிஸ்டனிலும்தான் நிற்கும். வார்ப்புப் பட்டறைகளால் வளர்ந்த ஊருக்கு இது இயல்பு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை, 'கருடா' என்ற பெயரில் விமானங்களைப் பழுதுபார்க்கும் தளம் ஒன்றைக் கோவையில் நடத்தியது. அந்தக் காலத்து எஞ்சின் ஒன்றை இன்று பறக்க வைக்க முயல்கிறவனுக்கு வார்ப்பு மட்டும் போதாது. பாகங்களின் பட்டியலில் 'துணைக்கருவி' என்று ஒதுக்கப்படும் மேக்னட்டோதான் அவன் உயிரைத் தாங்குகிறது.

மேக்னட்டோவுக்கு பாட்டரி வேண்டாம். எஞ்சினின் சுழற்சியே அதன் காந்தத்தையும் காயிலையும் வேலை வாங்கும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் பிளக்கில் பொறி தெறிக்கும். 1903இல் ரைட் சகோதரர்கள் எஞ்சினைக் கிளப்புவதற்கு மட்டும் பாட்டரியைப் பயன்படுத்தினார்கள். அதைத் தரையிலேயே விட்டுவிட்டு மேக்னட்டோவை நம்பிப் பறந்தார்கள். டைகர் மாத் விமானத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சினில் நான்கு சிலிண்டர், எட்டு பிளக், இரண்டு மேக்னட்டோ. ஒன்று போனால் மற்றது. கிளம்புமுன் விமானி ஒவ்வொன்றாக அணைத்து, சுழற்சி எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக்கொள்கிறார்.

இந்த 'இரண்டு' எனக்கு வங்கியில் பழக்கமானது. ஒரு வவுச்சருக்கு இரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்தைப் பார்த்த தைரியத்தில் இரண்டாவது போடப்பட்டால், அங்கே இருப்பது ஒரே கையெழுத்துதான்.

எஞ்சினிலும் இதே கதை. இரண்டு மேக்னட்டோவும் ஒரே காலத்தில் செய்யப்பட்டவை. அந்தக் காலத்துக் காயில்களில் பலவற்றுக்கு அரக்கு வார்னிஷ்தான் காப்பு. அரக்கு ஈரத்தை இழுக்கும், சூட்டில் இளகும். கண்டென்சரும் வயதில் தளரும். குளிர்ந்த நிலையில் பொறி நன்றாகவே தெறிக்கும். ஓடிச் சூடேறியபின் மின்சாரம் காயிலுக்குள்ளேயே குறுக்கு வழி கண்டுகொள்ளும். ஆறியதும் மறுபடி சரியாகிவிடும். ஆகவே தரையில் நடத்தும் சோதனையில் இரண்டுமே தேறிவிடலாம். மேலே போய் இரண்டுமே கைவிடலாம்.

இன்னொரு விநோதம், அதன் ஸ்விட்ச். மேக்னட்டோவை அணைப்பது என்றால் அதன் வயரை எஞ்சின் உடம்போடு இணைப்பது. வயர் அறுந்துபோனால் பொறி நிற்காது, விமானம் விழாது. ஆனால் 'ஆஃப்' என்று காட்டும் ஸ்விட்சை நம்பி, தரையில் புரொப்பெல்லரைக் கையால் திருப்புகிறவனின் உயிர் போகலாம். பறப்பவனைக் காக்கும் ஏற்பாடே நிற்பவனைப் பலி கேட்கிறது.

பழமையைப் பேணுகிறவர்களில் சிலர் காயில்கூட அசலாக இருக்கவேண்டும் என்கிறார்கள். ஆவாரம்பாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "வெளிய பளபளன்னு இருந்தா ஆச்சுங்களா? சூடு பண்ணிப் பாருங்க, தெரியும்" என்றார். எனக்கு அவர் கட்சிதான். எஞ்சினை வடிவமைத்தவன் எண்ணியது அரக்கை அல்ல, ஒன்றையொன்று சாராத இரண்டு பொறிகளை. இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, ஒரே பாட்டரியை நம்பும் எலக்ட்ரானிக் கருவிகளைப் பொருத்துவதும் அந்த எண்ணத்துக்குத் துரோகமே. காயிலைப் புதிய காப்போடு மறுபடி கட்டுவதுதான் அசலுக்குக் காட்டும் விசுவாசம். அதிலும் இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆள் கட்டக் கூடாது.