கார்ன்வாலிஸுக்கு உடம்பு சரியில்லை

அக்டோபர் 14, 2024, திங்கள். வில்லியம்ஸ்பர்க்

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு நடத்திய அமெரிக்கப் புரட்சி பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகளோடு தொடங்கி, 1776 ஜூலை 4இல் பிரகடனத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஏழு வருஷம் கழித்துத்தான் பாரிஸில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது என்று எந்த வாத்தியாரும் சொன்னதாக நினைவில்லை. பிரகடனம் எழுதுவது எளிது. அதை அரசர் ஒத்துக்கொள்ளும்படி செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

மகள் வீட்டிலிருந்து யார்க்டவுன் அரை மணி நேரம்கூட இல்லை. 1781இல் அங்கே நடந்த முற்றுகையில், இதே இரவில்தான் ஆங்கிலேயரின் ஒன்பதாம், பத்தாம் எண் மண்கோட்டைகளைப் பிடித்தார்கள். ஒன்பதைப் பிரெஞ்சுக்காரர்கள், பத்தை அமெரிக்க அதிகாரி ஹாமில்டனின் ஆட்கள். சத்தம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று அமெரிக்கர்கள் துப்பாக்கியில் குண்டே போடாமல், முனையில் செருகிய கத்தியை நம்பிப் பாய்ந்தார்கள். பேரனுக்கு ஹாமில்டனைப் பாட்டு நாடகத்தின் வழியாகத் தெரியும். “தாத்தா, அவர் ராப் பாடுவாரு” என்கிறான். சரி, ஏதோ ஒரு வழி.

அக்டோபர் 15, செவ்வாய்

யார்க்டவுன் போனோம். பத்தாம் எண் கோட்டையின் ஒரு பகுதியை ஆறு அரித்துத் தின்றுவிட்டது. முற்றுகைக் குழிகளும் மேடுகளும் பின்னாளில் பார்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டியவை. ஆனாலும் நின்று பார்த்தால் விஷயம் புரிகிறது. முன்னால் அகலமான யார்க் நதி. முதுகை நதிக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ். கடல் இங்கிலாந்தின் கையில் இருக்கும்வரை அது நல்ல இடம். கப்பல் வரும், சோறு வரும், ஆள் வரும். கடல் கைவிட்டுப் போனால் அதுவே பொறி.

அக்டோபர் 16, புதன்

கடல் எப்படிக் கைவிட்டுப் போனது என்பதைத்தான் இன்று முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். சண்டைக் கதைகளைவிட இந்தக் கணக்கு வழக்கு எனக்குப் பிடிக்கிறது.

வாஷிங்டன் உண்மையில் நியூயார்க்கைத் தாக்கத்தான் ஆசைப்பட்டார். பிரெஞ்சுத் தளபதி ரோஷம்போவுக்கு அதில் விருப்பமில்லை. தெ கிராஸ் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி கரீபியனிலிருந்து செசபீக் விரிகுடாவுக்கு வருகிறார் என்று சேதி கிடைத்ததும் இரண்டு படைகளும் தெற்கே நடக்கத் தொடங்கின. நூற்றுக்கணக்கான மைல். பாதி வழியில் அமெரிக்கச் சிப்பாய்கள் முரண்டு பிடித்தார்கள். நெடுநாளாகச் சம்பளமில்லை, கிடைத்த காகிதப் பணத்துக்கு மதிப்பில்லை. ரோஷம்போவிடமிருந்து கடன் வாங்கி, ஒரு மாதச் சம்பளத்தை நாணயமாகவே எண்ணிக் கொடுத்தார்கள். தெ கிராஸோ வரும் வழியில் ஹவானாவில் ஐந்து லட்சம் ஸ்பானிய வெள்ளி நாணயங்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். செப்டம்பர் 5இல் விரிகுடா வாயில் அவரோடு மோதிய ஆங்கிலக் கப்பற்படை சேதப்பட்டு நியூயார்க்குக்கே திரும்பிவிட்டது. பொறி மூடிக்கொண்டது அன்றைக்குத்தான். மீதியெல்லாம் மண்வெட்டி வேலை.

கப்பல்காரர்களையும் சேர்த்தால் யார்க்டவுனில் அமெரிக்கர்களைவிடப் பிரெஞ்சுக்காரர்களே அதிகம். முடியாட்சியை எதிர்த்த போரை ஒரு முடியரசரின் பணத்தில் நடத்தினார்கள்! அந்தக் கடன் பதினாறாம் லூயியைக் கடைசியில் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது தெரிந்த கதை.

அக்டோபர் 17, வியாழன்

மழை. எங்கும் போகவில்லை. 1781இல் முந்தின நாள் இரவு ஆற்றைக் கடந்து தப்பிக்கப் பார்த்த கார்ன்வாலிஸின் படகுகளைப் புயல் கலைத்தது. மறுநாள் காலை ஒரு சிறுவன் மேளம் தட்ட, ஓர் அதிகாரி வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

அக்டோபர் 18, வெள்ளி

மகள் கேட்டாள்: “அப்பா, அடிமைகள் எந்தப் பக்கம் நின்னாங்க?”

எங்கே விடுதலை கிடைக்கும் என்று தோன்றியதோ, அங்கே. கலகக்காரர்களின் அடிமைகள் மன்னருக்காக ஆயுதம் எடுத்தால் விடுதலை என்று வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரிலேயே அறிவித்துவிட்டார். கார்ன்வாலிஸின் படைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். வாஷிங்டனின் பண்ணையிலிருந்து ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. முற்றுகையில் உணவு தீர்ந்து பெரியம்மையும் பரவியபோது ஆங்கிலேயர்கள் அவர்களை வெளியே துரத்தினார்கள். பலர் காட்டில் செத்தார்கள். பிழைத்தவர்களை, சுதந்திரத்துக்காகப் போராடிய துரைமார்கள் வந்து அடையாளம் சொல்லி மீட்டுக்கொண்டார்கள்.

ஜேம்ஸ் என்ற அடிமை ஆங்கிலேயர் முகாமில் வேலை செய்தபடியே அமெரிக்கப் படைத் தளபதி லஃபாயெத்துக்கு உளவு சொன்னார். போரில் சிப்பாயாகப் பணியாற்றிய அடிமைகளுக்கு 1783இல் விடுதலை தந்த சட்டம் அவருக்குப் பொருந்தவில்லை. உளவாளி சிப்பாய் அல்லவாம். 1787வரை மனு போட்டுக் காத்திருந்தார். அரசாங்கக் காகிதத்தின் குணம் எந்தக் கண்டத்திலும் மாறுவதில்லை.

அக்டோபர் 19, சனி

சரணடைந்த நாள். ஊரில் ஊர்வலம், பழைய உடுப்பில் மேளக்காரர்கள், நல்ல கூட்டம்.

அன்று கார்ன்வாலிஸ் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். வாளோடு வந்தவர் அவருடைய துணைத் தளபதி ஒஹாரா. அவர் முதலில் ரோஷம்போவிடம் போனார். ரோஷம்போ வாஷிங்டனைக் காட்டினார். வாஷிங்டன் தன் துணைத் தளபதி லிங்கனைக் காட்டினார். முந்தின வருஷம் சார்ல்ஸ்டனில் தோற்றுச் சரணடைந்தபோது, போர் மரியாதை மறுக்கப்பட்டவர் இந்த லிங்கன்தான். கணக்கு நேரானது.

உடம்பு சரியில்லாதவருக்கு ஒரு குறையும் வரவில்லை. 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கினார். அந்தக் காட்சியைச் செதுக்கிய பீடத்தின் மேல்தான் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறார். பேரனுக்கு அலைபேசியில் படம் காட்டினேன். “தோத்தவருக்கா சிலை?” என்றான். இங்கே தோற்றவர், அங்கே ஜெயித்தவர்.

அக்டோபர் 20, ஞாயிறு

நான் கடலூர்க்காரன் என்பதால் இதை எழுதாமல் விட முடியாது. பிரான்ஸ் இந்தப் போரில் இறங்கியதுமே 1778இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1783 ஜூன் 13இல் கடலூரில் இருந்த பிரெஞ்சுப் படையை ஜெனரல் ஸ்டூவர்ட் தாக்கினார். இரண்டு பக்கமும் ஏராளமான பிணம். ஒரு வாரம் கழித்துக் கடலில் பிரெஞ்சுக் கடற்படையின் சூஃப்ரெனும் ஆங்கிலேயக் கடற்படையின் ஹியூஸும் மோதினார்கள். ஐரோப்பாவில் பிரான்ஸும் இங்கிலாந்தும் ஜனவரி 20ஆம் தேதியே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தன. கப்பலில் அந்தச் சேதி வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது.

பிறகு ஒப்பந்தப்படி கடலூர் ஆங்கிலேயருக்கு, புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கு. எல்லாம் 1778க்கு முன்பு இருந்தபடியே.