தூத்துக்குடியில் சாப்பிட்ட கறி ரொட்டி

ஆகஸ்டு 5, பனிமய மாதா திருவிழா. அதற்காகத் தூத்துக்குடியில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். 1713-இல் எழும்பிய கோயில். பக்கத்திலேயே கடல். முத்துக் குளித்த கடல்தான். 1961-க்குப் பிறகு குளிப்பு இல்லை. நாத்தனார் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. அவர் வாங்கி வந்த ஸ்லோ குக்கரில் அவள் 'மீட்லோஃப்' செய்தாள். கொத்துக்கறியை ரொட்டி மாதிரி பிடித்து வேகவைப்பது.

அரைக் கிலோ ஆட்டுக் கொத்துக்கறி, ஒரு முட்டை, ரஸ்க் தூள், வெங்காயம், மிளகு. சீஸில் உப்பு உண்டு, அதனால் உப்பில் கையை அடக்கிக் கொள்ளுங்கள். பிசைந்ததில் பாதியைத் தட்டி, நடுவில் சீஸ் துண்டுகளை அடுக்கி, மீதியால் மூடினாள்.

"ஓரத்த நல்லா ஒட்டுங்க மதினி. போன தடவ விரிசல் விட்டு சீஸ் பூரா அடியில ஓடிட்டு."

குறைந்த சூட்டில் ஆறு மணி நேரம். எனக்கோ கை சும்மா இருக்காது, மூடியைத் தொட்டேன். "தொறந்தா சூடு போயிரும்" என்று தடுத்தாள். கொத்துக்கறி நடுவில் வேகாவிட்டால் வயிற்றைக் கெடுக்கும். உள்சூடு 71 டிகிரி சென்டிகிரேடு வந்ததை வெப்பமானி குத்திப் பார்த்துத்தான் இறக்கினாள்.

மகளோடு இருக்கும் என் மாமியாருக்குப் பல் போய்விட்டது. என் வீட்டில் இருந்தவரை கஞ்சியும் ரசச்சோறும்தான் கொடுத்தேன். கறி வேண்டாம் என்பார். அன்று இரண்டு துண்டு தின்றுவிட்டு, "நாளைக்கும் இருக்காட்டி?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

என்னிடம் அந்தக் குக்கர் இல்லை. ஊருக்கு வந்ததும் இட்லிக் கொப்பரையில் ஒரு மணி நேரம் ஆவியில் வைத்துப் பார்த்தேன். சீஸ் கசியவில்லை. மாமியார்தான் இன்னும் தூத்துக்குடியில் இருக்கிறார்.