முதல் பத்து மணி நேரம்

செவெட்டியார்வி, வட பின்லாந்து
ஜனவரி 19, இரவு

அன்பு மாப்ளே,

ஊரில் இருந்திருந்தால் இதைச் சாயங்காலம் உன் ஒர்க்‌ஷாப் ஸ்டூலில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்திருப்பேன். இங்கே வெளியே மைனஸ் 34. விரல்கள் இப்போதுதான் பேனா பிடிக்கிற அளவுக்கு வந்திருக்கின்றன. வந்து பத்து நாளாக வீட்டு நினைப்பு பெரிதாக இல்லை. இன்று காலை நீலப் புகை மூக்கில் ஏறியதும் வந்துவிட்டது. டூ ஸ்ட்ரோக் புகை! உன் ஆர்.எக்ஸ். 100 காலையில் கிளம்பும்போது தெருவெல்லாம் நிற்குமே, அதே வாசனை. உலகத்தின் உச்சந்தலையில், பனிக்காட்டுக்கு நடுவில், கண்ணை மூடினால் உன் கடை வாசல்.

நான் தங்கியிருப்பது ஸ்கோல்ட் சாமி இனத்தார் வீட்டில். ரெயின்டீர் மான் மேய்க்கிற குடும்பம். பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மகன் இங்கிலீஷ் பேசுவான். பெரியவர் பேசுவதை அவன்தான் எனக்குச் சொல்கிறான். நல்ல மனிதர்கள். காபியைப் பற்றி மட்டும் கேட்காதே. கொட்டையை இளவறுப்பாக வறுத்து, வெந்நீர் மாதிரி ஊற்றி, ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கொடுக்கிறார்கள். ஒரு டம்ளர் டிகாஷன் காபிக்கு நான் இப்போது எதையும் கொடுப்பேன்.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே இப்போது வெளிச்சம் ரேஷன். நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் போன வாரம்தான் திரும்பி வந்தது. அதுவும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தலையைக் காட்டிவிட்டு இறங்கிவிடும். முப்பது கிலோமீட்டர் தள்ளிக் காட்டில் இருக்கும் மான்களுக்குத் தீவனம் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்ததும் நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். உறைந்த ஏரியின்மேல் சூரியன் எழுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒன்பதரைக்கெல்லாம் மூன்று அடுக்கு உடுப்போடு வாசலில் நின்றேன். பெரியவர் கிளம்புகிற வழியாகவே தெரியவில்லை.

வாசலில் இரண்டு ஸ்னோமொபைல்கள். இவர்கள் 'கெல்க்கா' என்கிறார்கள், சறுக்குவண்டி என்று அர்த்தம். ஒன்று பழசு. மற்றது மகன் இந்த மாதம் வாங்கிய புதுசு, 600 சி.சி., கூலன்ட் ஓடுகிற டூ ஸ்ட்ரோக். இரண்டையும் ராத்திரி தரையில் விடாமல் பிர்ச் மரக் கட்டைகளின்மேல் நிறுத்தியிருந்தார்கள். இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ரப்பர் பட்டை பனியோடு ஒட்டி உறைந்துவிடும். பெரியவர் முன்னால் இருக்கும் சறுக்குக் கட்டைகளைப் பக்கவாட்டில் உதைத்து அசைத்தார். பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு தடவை கீழே போட்டார். பிறகு கிளப்பினார்.

கிளப்பிவிட்டு, நின்றார். அவ்வளவுதான்.

"போகலாமா?" என்றேன் மகனிடம். "இன்னும் இல்லை." இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம். பூட்ஸுக்குள் கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. தென்கிழக்கே வானம் ரோஜா நிறமாகிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. மூன்று நாளுக்கு முன்பு ஓர் இடத்தில் வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். அங்கே சாவியைக் கொடுத்தார்கள், கிளப்பினோம், கட்டைவிரலால் ஆக்சிலரேட்டரை அழுத்தினோம், பறந்தோம். யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை. இங்கே ஒரு மனிதர் இன்ஜினுக்குப் பக்கத்தில் நோயாளியின் கட்டிலருகே நிற்கிற மாதிரி நிற்கிறார்.

பிறகு வெளிக்கையுறையைக் கழற்றினார். உள்ளே மெல்லிய கம்பளி உறை. அந்தக் கையைச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் அலுமினியத் தகட்டின்மேல் வைத்தார். அதன்மேல் ராத்திரி பூத்த உறைபனி மாவு தூவினாற்போல வெள்ளையாகவே இருந்தது. தலையை ஆட்டிவிட்டு ஏறினார். போனது மனிதன் ஓடுகிற வேகத்தில். கொஞ்ச தூரத்தில் நிறுத்தி மறுபடி கை வைத்தார். இப்போது அந்த வெள்ளை ஓரத்திலிருந்து கறுத்து, ஈரமாகி, ஒரு சொட்டு வழிந்தது. அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

அதற்குப் பிறகாவது வேகமாகப் போனோமா? இல்லை. தீவனம் ஏற்றிய சறுக்குத் தொட்டியைப் பழைய வண்டி இழுத்தது. புது வண்டிக்கு என்னையும் மகனையும் தவிரப் பாரமே இல்லை. ஆனாலும் மகன் நாற்பதில் போவான், ஐம்பத்தைந்துக்கு ஏற்றுவான், இறக்குவான், மறுபடி ஏற்றுவான். ஒரு வேகத்தில் ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல் வைக்கமாட்டான். ஏரியில் காற்று பனியைத் துடைத்துவிட்ட வெறும் ஐஸ் வந்தால், சுற்றுவழியானாலும் கரையோரப் பனிக்குள் போய்த்தான் வருவான். சூரியன் எழுந்தபோது நாங்கள் மரங்களுக்குள் இருந்தோம். நான் பார்க்கவில்லை.

மத்தியானம் மான்களுக்குத் தீவனம் போட்டு முடித்து, தீ மூட்டி உட்கார்ந்தபோது மனசில் இருந்ததைக் கேட்டே விட்டேன்: "இவ்வளவு பயந்து பயந்து ஓட்ட வேண்டுமா?" மகன் மொழிபெயர்த்தான். பெரியவர் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் சமையலறை ஜன்னலில் இருந்த மெழுகுவர்த்தித் தாங்கியை எடுத்து என் கையில் வைத்தார்.

அது ஒரு பிஸ்டன்.

நீ பார்த்திருந்தால் கையிலிருந்து கீழே வைத்திருக்கமாட்டாய். தலைப்பக்கம் மெழுகு வழிந்து கெட்டியாகியிருந்தது. பக்கவாட்டில், பிஸ்டன் பின் துளைகளுக்கு இருபுறமும், நான்கு மூலைகளில் நான்கு கீறல் பட்டைகள். மற்ற இடமெல்லாம் வழவழவென்று புதுசு மாதிரி. நகத்தால் தடவினேன். அந்த நான்கு இடத்தில் மட்டும் உலோகம் அரைபட்டு இழுபட்டுச் சொரசொரப்பாக இருந்தது.

நீ பார்ப்பதெல்லாம் வெயிலில் பிஸ்டன் இறுகி வருகிற சீஸ், மாப்ளே. இது குளிரில் வருகிற சீஸ். வெடிப்பின் சூடு முதலில் படுவது பிஸ்டன் தலையில். சிலிண்டரைச் சுற்றியோ ராத்திரி முழுக்க மைனஸ் 34-இல் கிடந்த கூலன்ட். கிளப்பியதும் அழுத்தினால் பிஸ்டன் சில நொடிகளில் விரிந்துவிடும், சிலிண்டர் கூடவே விரியாது. 72 மில்லிமீட்டர் அலுமினிய பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் விரியும். நடுவில் இருக்கும் இடைவெளியோ ஒரு தலைமுடிக் கனம். பின் துளையை ஒட்டி உலோகம் தடிமனாக இருக்கும் அந்த நான்கு மூலைகளும் முதலில் போய் இடிக்கின்றன.

ஐந்து நிமிஷம் ஐடிலிங்கில் விட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீராது. முதலில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும், இன்ஜினுக்குள் இருக்கும் கூலன்ட் மட்டும் சூடாகும். இந்த வண்டிகளுக்கு நாம் அறிந்த ரேடியேட்டர் கிடையாது. சீட்டுக்கு அடியில், ரப்பர் பட்டைக்கு மேலே, தகட்டிலேயே கூலன்ட் ஓடும் வழி. பட்டை வாரி அடிக்கிற பனித்தூள்தான் அதைக் குளிர்விக்கிறது. தெர்மோஸ்டாட் திறந்ததும் அங்கே கிடக்கும் குளிர்ந்த கூலன்ட் மொத்தமாக வந்து சூடான சிலிண்டரைச் சுற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் முழு வேகத்தில் இருந்தால் தீர்ந்தது கதை. பெரியவர் கை வைத்துப் பார்த்தது இதைத்தான். தகடு வெதுவெதுப்பானால் சூடு எல்லா இடமும் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது என்று பொருள். ஏரியில் வெறும் ஐஸை அவர்கள் ஏன் ஒதுக்கினார்கள் என்பதும் அப்போது புரிந்தது. வாரி அடிக்கப் பனி இல்லையென்றால் மைனஸ் 34-இலும் இன்ஜின் கொதித்துவிடும்.

அதற்காக அரை மணி நேரம் உறுமவிட்டு உள்ளே போய் உட்கார்வதும் தப்பு என்கிறார் பெரியவர். கறுத்துப்போகும் பிளக்தான் மிச்சம். இன்ஜின் விசையைக் கடத்தும் பெல்ட்டும், அடியில் இருக்கும் ரப்பர் பட்டையும் ஓடினால்தான் சூடாகும். அதனால் சில நிமிஷம் நிறுத்தி, பிறகு கொஞ்ச தூரம் மெதுவாக.

புது வண்டிக்கு இன்னொரு கணக்கு. இந்த வண்டியின் கையேட்டில் ரன்னிங்-இன் 10 மணி நேரம் அல்லது 500 கிலோமீட்டர். புது பெல்ட்டுக்கு மட்டும் தனியாக 50 கிலோமீட்டர். சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக இழைத்துவிட்டிருக்கும் நுண்ணிய கோடுகளில் ரிங்குகள் உராய்ந்து உட்கார வேண்டும். ஏற்றி இறக்கினால் நன்றாக உட்காரும். ஒரே வேகத்தில் வைத்தாலோ, முழுசாக அழுத்திக்கொண்டே போனாலோ, பாரம் இழுத்தாலோ உட்காராது. பெரியவர் காலத்தில் முதல் டேங்க் பெட்ரோலில் கூடுதலாக ஆயில் கலப்பார்களாம். இப்போது வண்டியே முதல் சில மணி நேரத்துக்கு ஆயிலைக் கூட்டி ஊற்றிக்கொள்கிறது. பொறுமையை மட்டும் வண்டி தானாக ஊற்றிக்கொள்ளாது.

அந்தப் பிஸ்டனின் கதை இது. பெரியவருக்கு அப்போது 19 வயது. அப்பா மான்களை விற்று வாங்கிய வண்டி. ஏரிக்கு அப்பால் இருக்கும் மீன்பிடிக் குடிசையில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு, இருட்டுகிறதே என்று அவசரமாகக் கிளப்பி ஒரே அழுத்து. மூன்று மணி நேரத்தில் இன்ஜின் மறுபடி உறைந்துவிட்டிருக்கிறது என்பது தோன்றவில்லை. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் நின்றுவிட்டது. 14 கிலோமீட்டர் பனிச்சறுக்குக் கட்டையில் ராத்திரி முழுக்க வந்து சேர்ந்தார். காற்று மட்டும் எதிர்த்து அடித்திருந்தால் வந்திருக்கமாட்டேன் என்றார். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லையாம். பிஸ்டனைக் கழற்றித் துடைத்து ஜன்னலில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து அங்கேயே இருக்கிறது.

மாப்ளே, இந்த ஊருக்கே ஒரு கதை இருக்கிறது. இவர்களுடைய பழைய மண் பெட்சமோ பக்கம். 1944-இல் அது சோவியத் யூனியனுக்குப் போனது. 1949-இல் இந்த ஏரிக்கரையில் குடியேற்றப்பட்டார்கள். மானும் சறுக்குவண்டியும்தான் போக்குவரத்து. கனடாவிலிருந்து முதல் ஸ்னோமொபைல் இங்கே வந்தது 1960-களின் தொடக்கத்தில். நார்வே பக்கக் கடைக்குப் போய்வர மான்வண்டியில் மூன்று நாள் ஆனது ஐந்து மணி நேரமாகச் சுருங்கியது. 1971-க்குள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் வண்டி. பெர்ட்டி பெல்டோ என்ற மானுடவியலாளர் இங்கே தங்கி இதையெல்லாம் கவனித்து 1973-இல் புத்தகமாக எழுதினார். அவர் எழுதியதில் மறுபக்கமும் இருக்கிறது. சத்தத்தில் மிரண்ட மான்கள் மனிதரைவிட்டு விலகின. கன்றுகள் குறைந்தன. பெட்ரோலுக்கும் உதிரி பாகத்துக்கும் ரொக்கம் இல்லாத குடும்பங்கள் பல மேய்ச்சலையே விட்டன.

இதை நினைத்துக்கொண்டே பிஸ்டனைக் கையில் வைத்திருந்தேன். மான் களைத்தால் நின்றுவிடும். ராத்திரியானால் வீட்டு வழி அதற்குத் தெரியும். குளிர்ந்த காலையில் எப்போது ஓடலாம் என்பதை மானே முடிவு செய்யும். இன்ஜினுக்கு அந்த அறிவு எதுவும் கிடையாது. எப்போது அழுத்தினாலும் ஓடப் பார்க்கும். அதன் சார்பில் ஒரு மனிதர்தான் காத்திருக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த இடத்தில் அப்படிக் காத்திருக்க ஆளில்லை. இங்கே இருக்கிறார், ஏனென்றால் இன்ஜின் நின்றால் நடக்கப்போவது அவர் மகன். நான் வாசலில் நின்று எரிச்சல்பட்ட அந்தச் சில நிமிஷங்களை அவர் அரை நூற்றாண்டாக ஒவ்வொரு காலையும் கொடுத்துவருகிறார். அது சோம்பல் என்று நினைத்தது என் தவறு. நாளைக் காலை நானும் அவர் பக்கத்தில் நின்று தகட்டில் கை வைத்துப் பார்க்கப் போகிறேன்.

பேச்சுவாக்கில் அவர் ஒன்று கேட்டார்: "உங்கள் ஊரில் பனியே கிடையாதே, அங்கே பிஸ்டன் சீஸ் ஆகாது அல்லவா?" 2டி ஆயில் காலியானது தெரியாமல் வெயிலில் விரட்டினால் எங்கள் ஊரிலும் ஆகும் என்றேன். உன் கடையில் அந்தப் பழைய பிஸ்கட் டின் நிறையப் பிஸ்டன்கள் கிடப்பதையும் சொன்னேன். மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கீறல் எந்தப் பக்கம் இருக்கும், இங்கே மாதிரி நான்கு மூலையிலா, அல்லது சைலன்ஸர் பக்கமா என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதனால் ஒரு வேலை செய். அந்த டின்னிலிருந்து மோசமாக அடிபட்ட ஆர்.எக்ஸ். பிஸ்டன் ஒன்றை எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, நாலு பக்கமும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு. கீறல் எந்தப் பக்கம், வண்டிக்காரர் என்ன தப்பு செய்தார் என்று இரண்டு வரியும் எழுது. மகன் மொழிபெயர்த்துக் காட்டுவான். நான் கிளம்புவதற்குள் வந்துவிட வேண்டும். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் மச்சான்