ஊர்ப்பெயரும் உத்தியோகப் படியும்

ஊருக்குப் பெயர் இடுவது இடத்தை அடையாளம் காட்டுவதற்காக. அப்பெயரே அங்கு வாழ்வோரின் சம்பளத்தையும் காட்டிவிடுமானால் அது முறையாகுமா? தலைநகரில் அத்தகைய காலமும் இருந்தது.

விடுதலைக்குப் பின், மத்திய அரசு ஊழியர்களுக்காகப் புதுதில்லியில் எழுந்த குடியிருப்புகளுக்கு ஷான் நகர், மான் நகர், விநய் நகர், சேவா நகர் எனப் பெயர் சூட்டினார்கள். மான் என்பது நம் புள்ளிமான் அன்று; மதிப்பு. ஷான் என்றால் சிறப்பு. விநய் என்றால் பணிவு. சேவா என்றால் தொண்டு. செவிக்கு இனிய பெயர்களே. ஆயினும் சிறப்பும் மதிப்பும் அதிகாரிகளுக்கு, பணிவு எழுத்தர்களுக்கு, தொண்டு கடைநிலை ஊழியர்களுக்கு எனப் பங்கிடப்பட்டிருந்தன. எழுத்தனாகிய எனக்குப் பணிவு நற்குணம் என்பதில் ஐயமில்லை. அதில் ஒரு பங்கை அதிகாரிகளுக்கும் அளித்திருக்கலாம்.

அந்நாளில் சேவா நகரில் பள்ளிச் சிறுவராயிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கூறினார்: “முகவரியைச் சொன்ன பிறகு, அப்பாவுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை, தம்பி.”

நல்வேளையாக இப்பெயர்கள் மாற்றப்பட்டன. ஷான் நகரும் மான் நகரும் பாரதி நகர், ரவீந்திர நகர் என்று கவிஞர் இருவரின் பெயரைப் பெற்றன. விநய் நகர் பிரிக்கப்பட்டு, அதன் பகுதிகள் சரோஜினி நகர், லட்சுமிபாய் நகர், நௌரோஜி நகர் என்றெல்லாம் ஆயின. சேவா நகர் கஸ்தூர்பா நகராயிற்று. எனினும் ரயில் நிலையம் இன்றும் சேவா நகரே. மக்கள் நாவில் ஏறிய பெயர் எளிதில் இறங்குவதில்லை. தக்க காரணமின்றி, பழகிய ஊர்ப்பெயரை மாற்றலாகாது என 1953-இல் உள்துறை அமைச்சகம் நெறி வகுத்ததும் இதனால்தான். முதலில் இடும் பெயரிலேயே கவனம் வேண்டும் என்பது இதன் பொருள்.

நம் தமிழர் பலர் வாழ்ந்த ராமகிருஷ்ணபுரத்தைப் பாருங்கள். பெயர் ஒன்று, உள்ளெல்லைகளைக் குறிப்பவை செக்டர் எண்களே. தமிழ்ச் சங்கம் ஐந்தில், மலை மந்திர் ஏழில். ஐந்து ஏழினும் தாழ்ந்தது என்று எவரும் சொல்வதில்லை.

சரோஜினி நகர், கஸ்தூர்பா நகர் உள்ளிட்ட 7 குடியிருப்புகளைப் புதிதாக அமைக்க 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பழைய வரிசை வீடுகள் மறைய, அடுக்குமாடிகள் எழுகின்றன. பதவிக்கேற்ப வீட்டின் அளவு மாறலாம். அந்த வேறுபாடு வீட்டோடு நிற்கட்டும். பிள்ளைகள் பள்ளியில் சொல்லும் ஊர்ப்பெயர் எல்லார்க்கும் ஒன்றாக இருக்கட்டும்.