கேஸ்கெட் போயிருக்கட்டும் என்று நினைத்தேன்

அப்பாவின் புரோட்டோன் வீராவில் அடிக்கடி தண்ணீர் குறைகிறது என்று தெரிந்தபோது, எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத நிம்மதி. எழுபதைத் தாண்டிய மனிதர், பெஸ்தாரி ஜெயாவுக்கும் ஈஜோக்குக்கும் இடையே செம்பனை லாரிகளுக்கு நடுவில் அந்தப் பழைய காரை ஓட்டுவதை நிறுத்த எனக்கொரு சாக்கு வேண்டியிருந்தது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டால் ரிப்பேர் செலவே காரின் விலையைத் தொடும். யாரும் மறுபேச்சுப் பேச முடியாது.

பட்டறை ஒன்றில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்துக் காட்டினார்கள். அடிப்பக்கம் தே தாரேக் நுரைபோல வெளிறிய பசை. “கேஸ்கெட் போச்சு, டாப் ஓவர்ஹால் செய்யணும்” என்றார்கள். பார்த்தது அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்பாவுக்குப் போதவில்லை. தோட்டத்தில் கூட வேலை செய்த பழைய பிட்டருக்கு போன் போட்டார். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவான தென்னமரம் இந்த வட்டாரம்தான். இங்கே ஆலை பிட்டர்களுக்குக் குறைவில்லை. கொதிகலனோடு காலம் கழித்தவர்களுக்கு நீரும் அழுத்தமும் என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “இப்பத் திறந்தா முகம் வெந்துடும். காடி ஆறட்டும், காலையில வரேன்” என்றார்.

வந்ததும் அவர் சாவியைக் கேட்கவில்லை. ரேடியேட்டரின் மேல் ஹோஸைத்தான் பிடித்து அமுக்கினார். மெத்தென்றிருந்தது. ராத்திரி முழுக்க ஆறிய பிறகும் அது விறைத்து நின்றால்தான் சந்தேகப்பட வேண்டுமாம். மூடியைக் கழற்றி, நீரை விளிம்புவரை நிரப்பி, எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். எரிந்த வாயு நீரில் கலந்தால் குமிழி விடாமல் வரும். வரவில்லை. எண்ணெய்க் கோலை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். பழுப்பு எண்ணெய், பால் நிறமே இல்லை. நான்கு பிளக்குகளும் ஒரே நிறம். ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் அதன் பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் இருந்திருக்கும்.

“மூடியில மட்டும்தான் பசை. காடி எங்கெல்லாம் போகுது?”

பசார், கோயில், கிளினிக். எல்லாம் கூப்பிடு தூரம். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எண்ணெய் நன்றாகச் சூடேறுவதற்குள் எஞ்சினை அணைத்தால் அந்த நீராவி மூடியடியில் தங்கி எண்ணெயோடு குழைந்துவிடும்.

சூட்டு முள் எப்போதாவது சிவப்புக்கு ஏறியதா என்று இரண்டு தடவை கேட்டார். 1993இல் வந்த வீராவின் மிட்சுபிஷி எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அந்த இழுபறியைத் தாங்குவது நடுவிலிருக்கும் மெல்லிய கேஸ்கெட். அளவுமீறிக் கொதித்தால் ஹெட்டே வளைந்துவிடும். முள் ஏறியதே இல்லை என்று அப்பா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

பிறகு கோலசிலாங்கூரில் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி வந்த கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் பொருத்தினார். உள்ளே நீல திரவம். எரிந்த புகையின் கரியமில வாயு பட்டால் மஞ்சளாகிவிடும். நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன், மனசுக்குள் மஞ்சளாகட்டும் என்று. நீலம் நீலமாகவே இருந்தது. சிறு விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும் என்று, காரை நீண்ட ஓட்டம் ஓட்டிவந்து, ஆறவிட்டுத் திறந்து, மறுபடி கிளப்பி இன்னொரு முறையும் சோதித்தார்.

கடைசியில் கைப்பம்ப்பை மாட்டி, ரேடியேட்டர் மூடியில் பொறித்திருந்த அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். அழுத்த முள் மெதுவாக இறங்கியது. டார்ச்சோடு குனிந்தவர் என்னையும் குனியச் சொன்னார். வாட்டர் பம்ப்பின் கசிவுத் துளைக்குக் கீழே காய்ந்த வெள்ளைக் கோடு. அதன் முனையில் ஒரு சொட்டு திரண்டது. ஓடும்போது எஞ்சின் சூட்டிலேயே உலர்ந்துவிடுவதால் தரையில் ஈரம் தெரிந்ததில்லை.

பம்ப் மாற்ற ஆன செலவு, டாப் ஓவர்ஹாலுக்குக் கேட்டதில் சிறு பங்கு. என் சாக்கு போனது. நேராகச் சொல்வதைத் தவிர வழியில்லை: “அப்பா, இனிமே நீங்க ஓட்ட வேணாம், எனக்குப் பயமா இருக்கு.” ராத்திரி ஓட்டுவதை மட்டும் விட்டுவிடுகிறேன் என்றார். மற்றதற்கு அவரிடம் பிட்டரின் உத்தரவு இருந்தது: பசை சேராமலிருக்க வாரம் ஒரு தடவையாவது காரைத் தூரமாக ஓட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாசிர் பெனம்பாங்குக்கு மீன் வாங்கப் போகிறோம். நான் பக்கத்து சீட்டில், சூட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு.